ஆசாரியின் பெட்டிக்குக் காவல் இருந்தவர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெடுங்காடு என்ற நாட்டை மதிவாண பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தால் நினைத்தபடி கட்டளை போடுவார்; யாராவது உருக்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யோசிக்கவே மாட்டார். மந்திரி, சேனாபதி எல்லாரையும்விட அவருக்குப் பிடித்தவர் அரண்மனைத் தச்சர் குற்றால ஆசாரி. பொழுது கிடைத்தால் ராஜா பட்டறைக்குப் போய், மரச்சுருள் குவியல்மேல் உட்கார்ந்து, வறுத்த கடலையைக் கொறித்தபடி ஆசாரி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குற்றால ஆசாரி ஒருநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். ராஜா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அரண்மனைச் சாமான்களுக்கெல்லாம் அதிகாரியான தாண்டவராயன் சபையில் எழுந்து நின்றான். அவனுக்கு ஆசாரிமேல் பழைய காய்ச்சல். தேக்கு என்று சொல்லி அவன் கொண்டுவந்து இறக்கிய மரத்தை ஒருமுறை ஆசாரி விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தேக்குன்னா நான் யானை" என்று ராஜா முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆள் செத்தும் இவன் ஆத்திரம் சாகவில்லை.

"மகாராஜா! ஆசாரியின் கருவிகளை வீட்டில் விட்டுவைத்தால் நாளைக்கு அதில் தேங்காய் உடைப்பார்கள். பெட்டியோடு கொண்டுவந்து பட்டு சுற்றி, அரண்மனையில் பூட்டி வைப்போம். என்றென்றைக்கும் யாரும் தொடக்கூடாது. சாவி என்னிடம் இருக்கட்டும்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியே செய்!"

சேவகர்கள் போனபோது ஆசாரியின் மனைவி முத்துவடிவு பட்டறையில்தான் இருந்தாள். குயவர் தெருவில் நிறைமாதக்காரி ஒருத்திக்கு ஆசாரி ஒத்துக்கொண்ட தொட்டில் பாதியில் நின்றது. முப்பது வருஷமாக அவருடைய உளிக்கும் இழைப்புளிக்கும் சாணை பிடித்தவள் அவள்தான். கூர் சரிதானா என்று கட்டையில் ஓட்டிப் பார்த்துப் பார்த்தே அவளுக்கும் தொழில் படிந்துவிட்டது. தொட்டிலை முடிப்போம், அப்புறம் இந்த வேலையிலேயே காலத்தை ஓட்டுவோம் என்று இருந்தாள். பெட்டி போனால் வயிற்றுப்பாடும் போச்சு. அவர் கைபட்டு வழவழத்த கைப்பிடிகளும் போச்சு. உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பெட்டியோடு அவளும் சபைக்கு வந்தாள்.

"கொடுக்கதுல எனக்கு வருத்தமில்ல மகாராசா. உங்க பிரியம் எங்க வீட்டுக்காரர் செஞ்ச பாக்கியம். ஆனா எங்க சனத்துல ஒரு முறை இருக்கு. ஆசாரி போயிட்டா, அவரு கருவி திரும்ப மரத்தத் தொட்டுச் செதுக்குத வரைக்கும் துக்கம் தீராது. அதுவரைக்கும் பெட்டி யார் பொறுப்புல இருக்கோ அவுகதான் துக்கம் காக்கணும். ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில படுக்கை. தலைப்பாகை ஆகாது, வெத்தலை ஆகாது."

வெற்றிலை குதப்பிக்கொண்டிருந்த தாண்டவராயனின் வாய் அப்படியே நின்றது. "மகாராஜா, நான் தச்சனில்லையே!"

"அதனால் என்ன? ஆசாரிமேல் உனக்கு இருக்கிற அன்பு வேறு யாருக்கு இருக்கிறது? முதலில் அந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வா" என்றார் ராஜா. பாவம், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்.

நாலே நாள். தாண்டவராயன் கன்னம் ஒட்டி, இடுப்பைப் பிடித்தபடி சபைக்கு வந்தான்.

"இந்தத் துக்கம் எத்தனை நாளைக்கு மகாராஜா?"

"பெட்டி பூட்டியிருக்கும்வரை."

"பெட்டி எத்தனை நாளைக்குப் பூட்டியிருக்கும்?"

"என்றென்றைக்கும் என்று நீதானே சொன்னாய்?"

தாண்டவராயன் மடியிலிருந்து பெட்டிச் சாவியை உருவினான். "அப்படியானால் நானே ஒரு இழைப்பு இழைத்துத் துக்கத்தை முடித்துவிடுகிறேன்! இதென்ன பெரிய வித்தையா?"

இழைக்க மரம் கொண்டுவரச் சொல்லி முத்துவடிவுக்கு ஆள் போயிற்று. அவள் பலகை ஒன்றைத் தலையில் சுமந்து வந்து, "அவரு பாதியில விட்ட தொட்டிலோடது" என்று சபை நடுவில் வைத்தாள். தாண்டவராயன் இழைப்புளியை எடுத்துப் பலகைமேல் தள்ளினான். அது சும்மா வழுக்கிக்கொண்டு போயிற்று. பத்துத் தரம் தள்ளினான். ஒரு தூசிகூட எழும்பவில்லை. வேலை முடிந்ததும் கூர் கெடாமல் இருக்க அலகை உள்ளே தட்டி வைப்பது தச்சர்கள் வழக்கம். அது தெரியாத மனுஷன், "மழுங்கல் சாமான்!" என்று சுத்தியலால் அலகின் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டு, பலம் கொண்ட மட்டும் தள்ளினான். துருத்திக்கொண்டிருந்த அலகு பலகையில் குத்தி நின்றது. அதிகாரி மட்டும் நிற்காமல் பலகையைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தார்.

சபை சிரித்து ஓய்ந்தது. முத்துவடிவு இழைப்புளியைப் பிடுங்கி எடுத்து, ஒரு கண்ணை மூடி அடிப்பக்கம் பார்த்தாள். டொக், டொக் என்று கட்டையின் பின்பக்கம் இலேசாகத் தட்டி, துருத்திய அலகை வேண்டிய அளவுக்கு உள்ளே இறக்கினாள். மரத்தில் நார் ஓடும் போக்கைப் பார்த்துப் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரே தள்ளு. சர்ர்ரென்று சத்தம். வெங்காயத்தோல் கனத்தில் நீளச் சுருள் ஒன்று புரண்டு வந்து ராஜாவின் காலடியில் விழுந்தது.

ராஜா அதை எடுத்து முகர்ந்தார். அவ்வளவுதான், சின்னப் பிள்ளைபோல அழுதுவிட்டார்.

"இந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே நான் தினமும் பட்டறைக்கு வந்தேன்! இதையா பூட்டிவைக்கச் சொன்னேன்? அம்மா, பெட்டி உன்னுடையது. அரண்மனைத் தச்சு வேலையும் இனி உன்னுடையது. தாண்டவராயா, தொட்டில் முடியும்வரை பலகையின் மறுமுனையை நீ பிடித்துக்கொள். வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். அசையத்தான் கூடாது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவளை ராஜா வாசல்வரை வந்து வழியனுப்பினார். யாருக்கும் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"நிஜத்தைச் சொல்லம்மா. துக்கம் காக்கிற அந்த முறை உங்கள் ஜனத்தில் உண்டா?"

முத்துவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னையிலேர்ந்து உண்டு மகாராசா."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளே தண்டோரா போட்டு அதைச் சட்டமாக்கிவிட்டார். அதற்குப் பிறகு நெடுங்காட்டில் எந்த ஆசாரி கண்ணை மூடினாலும், பதினேழாம் நாள் விடியும்போது அந்த வீட்டிலிருந்து இழைக்கிற சத்தம் கேட்கும்.