உடைந்த கரைக்கு ஒரு பெயர்

கேளுங்கள்! ஊருக்கொரு ஏரியும் ஏரிக்கொரு காவலனும் இருந்த காலத்தில், கொன்றையூர் ஏரி ஐப்பசி மழையில் உடைந்தது. நெல் போயிற்று, மாடு போயிற்று, பதினோரு வீடு போயிற்று.

அரசன் சினந்தான். "யாரால் உடைந்தது? ஒரே பெயர் சொல்லுங்கள். பெயரைக் கல்லில் வெட்டி, ஆளின் தலையை வாங்குவோம்" என்றான்.

விசாரிக்கப் போனவன் ஓலை எழுதும் சேந்தன். குயவர் குடியில் முதன்முதலாக எழுத்தறிந்தவன். தப்பாக எழுதிவிடுவோமோ என்று எப்போதும் அஞ்சுபவன்.

கரையில் ஒரு கல்லைக் கிடத்தி, கல்தச்சன் உளியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"மடைக்காவலன் மாதேவன்தான்" என்றார் ஊர்த்தலைவர். "மழையன்று மகள் வீட்டுக்குச் சீர் கொண்டு போய்விட்டான்."

சேந்தன் எழுதப் போனான்.

"நல்ல கதை! போன மழைக்கும்தான் போனான், கரை நிற்கவில்லையா?" என்று சிரித்தாள் மீன்பிடிக்கும் அல்லி. "நண்டு வளை ஐயா! கரையே சல்லடை."

சேந்தன் அதை எழுதப் போனான்.

"நண்டு நேற்றா வந்தது?" என்றான் ஓர் இடையன். "மிகுநீர் வழியும் கலிங்கைக் கல் வைத்து அடைத்தது யார்? இன்னொரு போகத்துக்கு ஆசைப்பட்டு ஊரே அடைத்தது."

ஊர்த்தலைவர் இருமினார். சேந்தனின் எழுத்தாணி அந்தரத்தில் நின்றது.

கட்டிவைத்திருந்த மாதேவனிடம் போனான். "மூன்று கோடையாகக் கரைக்கு மண் போடவில்லை ஐயா. ஆட்கள் எல்லாரும் அரண்மனை மதில் கட்டப் போனார்கள். ஆனாலும் நான் இருந்திருந்தால்... தெரியவில்லை. என் பெயரையே எழுதிவிடுங்கள். ஊராவது நிம்மதியாகத் தூங்கட்டும்."

சேந்தன் ஓலையோடு அரண்மனைக்கு நடந்தான். எல்லாம் உண்மை. எதுவும் போதவில்லை.

"பெயர்?" என்றான் அரசன்.

"நான்கு காரணங்கள் இருக்கின்றன, அரசே. நான்காவது தங்கள் மதில்."



"நான்கில் எது உடைத்தது?"

"தெரியாது, அரசே. ஆனால் மாதேவன் பெயரைக் கல்லில் வெட்டினால் நண்டு அதைப் படிக்காது. மழையும் படிக்காது."

அரசன் சாளரத்தின் வழியே மதிலைப் பார்த்தான். "காவலனை அவிழ்த்துவிடுங்கள். நாலையும் சரிசெய், குயவா. மறுபடி உடைந்தால் கல்லில் உன் பெயர்."

வளைகளை அடைத்தார்கள், கலிங்கைத் திறந்தார்கள், கரைக்கு மண் போட்டார்கள். அடுத்த ஐப்பசியில் மாதேவன் மழையில் நனைந்தபடி கரையைச் சுற்றினான். பழைய மருதமரத்தின் வேரடியில் நீர் கசிந்தது. அந்த இடத்தை ஒருவரும் சொன்னதில்லை! அவன் கூவிய கூவலில் ஊரே மண் கூடையோடு ஓடிவந்தது. கரை நின்றது.

சேந்தன் ஓலையில் நான்கு காரணங்களுக்குக் கீழே ஐந்தாவதை எழுதினான். அதற்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டான்.

பெயர் வெட்டாத அந்த வெறுங்கல்லில் அல்லி துணி துவைத்தாள்.

ஆகவே, பல காரணங்கள் கூடி வந்த கேட்டுக்கு ஒரே காரணம் சொல்பவரை உடனே நம்பிவிடாதீர்கள்.