நம்ம பக்கத்துத் தாழ்ப்பாள்

“என் மகள் என்கூடப் பேச மாட்டேங்கா,” என்றார் மாசானமுத்து. “அதுக்கு ஒரு வழி சொல்லணும்.”

சடையம்மா சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடியில் ஒரு கல்மண்டபம். அதை ஒட்டி ஓர் அறை. சடையம்மாவின் மடம் என்பது அவ்வளவுதான். அம்மாவுக்கு வயது அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. மாசானமுத்துவுக்குத் தங்கை என்றால் நம்பலாம். ஆனாலும் வழி கேட்டு வரும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அம்மா என்றுதான் கூப்பிடும். அவரோ, தன்னைவிட மூத்த ஆண்கள் யார் வந்தாலும் அண்ணாச்சி என்பார்.

மாசானமுத்து பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். நிற்கிற வண்டியைக் கிளப்பிவிட்டே பழகிய ஆள். உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

“உட்காருங்க, அண்ணாச்சி.”

“உட்கார எங்கம்மா நேரம்? வெள்ளிக்கிழமை என் அக்கா தூத்துக்குடியில இருந்து வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவா. என் மகளேதான் போன் போட்டு வரச் சொல்லியிருக்கா. போனா திரும்ப மாட்டா. எனக்குத் தெரியும்.”

“என்ன நடந்துச்சு?”

“அவ அம்மா தவறினதுல இருந்து அறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிடுதா. உள்ள என்ன செய்யுதேன்னு கேட்டா, சும்மா இருக்கேங்கா. சும்மா இருக்கிறதுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்? அழுதியான்னு கேட்டேன். தூங்குதியான்னு கேட்டேன். கோவமான்னு கேட்டேன். பதில் இல்லை. சாத்தின கதவைப் பார்த்தா எனக்கு ஆகாதும்மா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிடும். ஒரு நாள் உதைச்சேன். தாழ்ப்பாள் பேந்துக்கிட்டு வந்திருச்சு. இழுத்த இழுப்புல கைப்பிடியும் கையோட வந்திருச்சு.”

“உள்ள என்ன செஞ்சுக்கிட்டு இருந்தா?”

ஆடிய கால் நின்றது.

“சும்மாதான் இருந்தா.”

சடையம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

“இப்ப கதவு?”

“சாத்த மாட்டேங்கு. காத்தடிச்சா டப்பு டப்புன்னு அடிக்கு. அவ உள்ள இருந்து அம்மிக் குழவியை அணை கொடுத்து வச்சிருக்கா.”

“கதவைச் சரி பண்ணுங்க.”

“நான் மகளைப் பத்திக் கேக்கேன். நீங்க கதவைப் பத்திச் சொல்லுதீங்க.”

“ஆமா,” என்றார் சடையம்மா.

*

மறுநாள் மாசானமுத்து வரும்போதே முகம் தெளிந்திருந்தது.

“கைப்பிடி மாத்திட்டேன். பழசு இரும்பு, துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. இது பித்தளை. சிங்கமுகம். பிடிச்சு இழுத்தா கோயில் கதவு கணக்கா இருக்கு.”

“பேசினாளா?”

“இல்லை.”

“கைப்பிடி எந்தப் பக்கம்?”

“நம்ம பக்கம்தான்.”

“நம்மன்னா?”

“நம்மன்னா நம்மதாம்மா. கூடத்துப் பக்கம்.”

“அதுல அவ உண்டா?”

மாசானமுத்து கடிகாரத்தைப் பார்த்தார்.

“தென்காசி வண்டியைக் கிளப்பணும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தென்காசி வண்டி அப்போதுதான் போயிருந்தது.

*

வியாழக்கிழமை காலையிலேயே வந்து நின்றார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“நாளைக்கு அக்கா வந்திருவா. கதவு இப்ப அடிக்கலை, அசையலை. வெளியே ஒரு கொண்டி போட்டு மாட்டி வச்சிட்டேன். இன்னும் பேச மாட்டேங்கா.”

“அவ உள்ள இருக்கும்போதுமா கொண்டி?”

“பின்னே? காத்து எப்ப அடிக்கும்னு யாரு கண்டா? தட்டினா உடனே எடுத்துவிட்டிருவேன். கூடத்துலயேதானே இருக்கேன்.”

“தட்டினாளா?”

“இல்லை.”

“தாழ்ப்பாளை முன்னே இருந்த மாதிரி உள்பக்கம் போட்டா என்ன?”

“உள்பக்கம் போட்டா மறுபடியும் சாத்திக்கிடுவாளே!” மாசானமுத்துவின் குரல் உடைந்தது. “அப்புறம் நான் எப்படிம்மா இருப்பேன்?”

சடையம்மா சுளகைக் கீழே வைத்தார்.

“அறைக்குள்ள ஒரு செம்பு இருக்கு. எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி. தண்ணி குடிக்கலாம்.”

அவர் உள்ளே போனார். செம்பைத் தேடிக் குனிந்தபோது பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொண்டி விழுந்தது.

“அம்மா! கதவு மாட்டிக்கிடுச்சு!”

“மாட்டலை. நான்தான் போட்டேன்.”

கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வெறும் பலகை. பிடிக்க ஒன்றுமில்லை. மேலே தடவினார், கீழே தடவினார்.

“உள்ள என்ன செய்யுதீங்க, அண்ணாச்சி?”

“என்ன செய்ய? நிக்கேன்!”

“அழுதீங்களோ?”

“நான் எதுக்கு அழணும்? திறங்கம்மா!”

“தூக்கமா?”

“வண்டியெல்லாம் நின்னுக்கிட்டிருக்கும்! விளையாடாதீங்க!”

“கோவமா?”

பதில் இல்லை.

“கேக்கேன்ல? கோவமா, அண்ணாச்சி?”

பதில் இல்லை.

“நான் இங்கேயேதான் இருக்கேன். தட்டினா எடுத்துவிட்டிருவேன்.”

உள்ளே ஒரு கை எழுந்தது. பலகை வரைக்கும் போனது. தட்டாமல் இறங்கிவிட்டது.

மண்டபத்துக் கூரையில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பறந்து போனது.

கொண்டியை எடுத்தபோது மாசானமுத்து தரையில் உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடு எழுந்து வெளியே வந்தார்.

“செம்பு எங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். அதை மறந்தே போயிருந்தார்.

“எவ்வளவு நேரம்மா உள்ள இருந்தேன்?”

“டைம்கீப்பர் நீங்கதானே,” என்றார் சடையம்மா.

*

அன்று எந்த வண்டி எப்போது கிளம்பியதோ, அவருக்குத் தெரியாது. கடைத்தெருவுக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முதலில் வெளியே போட்ட கொண்டியைக் கழற்றினார். ஆணி இருந்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். சிங்கமுகத்தை விட்டுவிட்டார். அது கதவை இழுக்கத்தானே.

கொண்டி போனதும் கதவு இழுத்தால் வரும், தள்ளினால் போகும். அவர் தொடவில்லை.

“ஆவுடை.”

சத்தமில்லை.

“தாழ்ப்பாள் போடணும். உள்பக்கம். வரட்டுமா?”

கால் ஆட ஆரம்பித்தது. அதை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

குழவி உருளும் சத்தம் கேட்டது.

அவர் உள்ளே போனார். கட்டிலின் மேல் கட்டிவைத்த பை இருந்தது. பக்கத்தில் ஒரு ஒயர்கூடை, பச்சையும் வெள்ளையும். அது அவர் மனைவி பின்னத் தொடங்கி, பாதியில் விட்டது. இப்போது பாதிக்கு மேலே வளர்ந்திருந்தது. ஆவுடை சுவரைப் பார்த்து உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

கேள்விகள் தொண்டை வரைக்கும் வந்தன. நல்லவேளை, வாயில் திருகாணிகளைக் கவ்வியிருந்தார்.

பழைய இடத்தில் தாழ்ப்பாளை வைத்துப் பார்த்தார். அங்கே மரம் பிளந்திருந்தது. அவர் உதைத்த இடம். வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

ஆவுடை எழுந்து வந்தாள். பிளவுக்கு ஒரு சாண் மேலே விரலை வைத்துக் காட்டினாள். விரலை எடுக்காமலே நின்றாள்.

அவர் அங்கே முடுக்கினார்.

தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். எடுத்துப் பார்த்தார். எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சிங்கமுகத்தைப் பிடித்துத் தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினார்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மாசானமுத்து கூடத்தில் நடந்தார். தூணைச் சுற்றினார். கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். மறுபடியும் நடந்தார். கதவுப் பக்கம் மட்டும் போகவில்லை.

*

வெள்ளிக்கிழமை அக்கா பிச்சம்மாள் வந்து இறங்கியபோது வீடு அதிர்ந்தது.

“எங்கடா பிள்ளை? கார் வாசல்ல நிக்கு. பெட்டி படுக்கையெல்லாம் கட்டியாச்சா? மூஞ்சியைப் பாரு, இஞ்சி தின்ன குரங்கு மாதிரி! பொண்டாட்டிக்காரி இருந்தவரைக்கும் உன்னை மேய்ச்சா. இந்தச் சின்னப் பிள்ளை என்ன செய்யும்?”

பேசிக்கொண்டே போய்ச் சிங்கமுகத்தில் கையை வைத்தாள். மாசானமுத்து குறுக்கே கையை நீட்டினார்.

“தட்டணும்க்கா.”

“என்னது?”

“தட்டிட்டுத்தான் போகணும்.”

“நம்ம வீட்டுக் கதவைத் தட்டணுமா? எந்த ஊர் வழக்கம்டா இது?”

அந்த வீட்டில் இதுநாள்வரை எந்தக் கதவையும் தட்டிப் பழக்கமில்லாததால், எவ்வளவு பலமாகத் தட்டுவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார்.

பிறகு தட்டினார்.

“யாரு?”

“அப்பா.”

வாசலில் கார்க்காரன் ஒலி எழுப்பினான். பிச்சம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமலே கையமர்த்தினாள்.

“திறந்துதான்ப்பா கிடக்கு,” என்றாள் ஆவுடை.