முதல் ‘போதும்’

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றையூரை மகுடதரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு கிறுக்கு, மாலையில் ஒரு கிறுக்கு. ஒருநாள் சபையில் கேட்டான்: “நம் சத்திரத்தில் இருக்கும் வயசாளிகள் ‘நான், எனக்கு’ என்பதையெல்லாம் கடந்துவிட்டார்களா? சுகமாக இருக்கிறார்களா? யார் அளந்து சொல்வீர்கள்?”

அமைச்சர் இளம்பூதி வாய் திறக்குமுன் விடங்கன் என்ற பிரபு எழுந்துவிட்டான். அமைச்சருக்கு நல்ல பெயர் வந்தால் இந்தப் பிரபுவுக்கு வயிறு எரியும். “நான் அளக்கிறேன், மகாராஜா.”

அளந்த லட்சணத்தைக் கேளுங்கள். சத்திரத்துப் பந்தியில் ஆளுக்கு ஒரு கரண்டி சோறு போட்டு, “இன்னும் வேண்டுமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். முதல் தடவை கேட்டதும் “போடு” என்று யார் ஐயா சொல்வார்கள்? “போதும்” என்பார்கள், பரிமாறுகிறவர்தான் வற்புறுத்த வேண்டும். இவனோ கரண்டியோடு நகர்ந்துவிட்டான். “எல்லாரும் ஆசையைக் கடந்துவிட்டார்கள், பரம சுகம்” என்று ராஜாவிடம் சொன்னான். “அப்படியானால் ஆளுக்கு ஒரு கரண்டியே போதும்” என்று ராஜாவும் உலையைக் குறைத்துவிட்டான். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேராச்சி என்ற கிழவி படுத்த படுக்கையானாள். அவள் தோழி வெள்ளையம்மாள் அமைச்சர் வீட்டு வாசலில் போய் நின்றாள். “பசிச்ச வயித்தப் பாத்து ஞானம்னு சொல்லிட்டான் அந்தப் பாவி. அவ செத்தா அது உங்க எல்லாரு தலையிலயுந்தான் விடியும்.”

அமைச்சர் அரண்மனையில் மூன்று நாள் விருந்துக்கு ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் அங்கேயே தங்கவேண்டும். விடங்கனுக்கு ராஜாவின் பக்கத்திலேயே இலை, அமைச்சரே பரிமாறினார். ஒரு கரண்டி. “இன்னும் வேண்டுமா?” ராஜா முன்னால் சோற்றுக்கு அலையலாமா? “போதும்” என்றான் விடங்கன். உடனே இலையை எடுத்துவிட்டார்கள். இரவும் அப்படியே.

மறுநாள் மத்தியானம் விடங்கன் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “இன்னொரு தடவை கேட்டால் என்னவாம்? பசி உயிர் போகிறது.”

“நீங்கள் ஆசையைக் கடந்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்? உங்கள் அளவுகோல்தானே இது?” இளம்பூதி அதே கோபத்தோடு ராஜாவின் பக்கம் திரும்பினார். “சத்திரத்தில் ஒரு கிழவி இதனால் செத்துக்கொண்டிருக்கிறாள். உலையைக் குறைத்தது தங்கள் வாய், மகாராஜா.”

ராஜா தலைகுனிந்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். கஞ்சிப் பானையை விடங்கன் தலையில் ஏற்றி, தானும் கூடவே சத்திரத்துக்கு நடந்தான்.

பேராச்சிக்கு ராஜாவே ஊட்டினான். இரண்டு வாய் குடித்துவிட்டு, “போதும்யா” என்றாள் அவள். ராஜா கிண்ணத்தைக் கீழே வைக்கப்போனான்.

“வைக்காதீங்க” என்று அதட்டினாள் வெள்ளையம்மாள். “இன்னொரு தடவ கேளுங்க.”