இரண்டு காதும் தெரிய வேண்டும்

உடுமலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார்கள். கண்ணில் பட்டதைப் படம் எடுப்பார்கள். அவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் வெண்ணிலா. வயது முப்பத்து மூன்று. அவளிடம் கடைசியாக வந்து சேர்ந்த சீடர் சென்னியப்பன். வயது அறுபத்தொன்று.

சீடர் என்றால் அவருக்கே சிரிப்பு வரும். நாற்பது வருடமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். ஊரில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட் சைஸ் முகம் அவர் எடுத்ததுதான். நாலு சுவருக்கு வெளியே ஒரு நல்ல படமாவது எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஆசை வந்தது, பழக்கம் போகவில்லை. யாரைக் கண்டாலும், "நிமிந்து பாருங்க, ரெடி" என்பார். இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு விறைத்து நின்றார். பூக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் எடுத்த எருமைக்குக்கூட இரண்டு காதும் ஒழுங்காகத் தெரிந்தன.

வெண்ணிலா எருமையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுக்குக் கண்டிப்பா பாஸ்போர்ட் கெடைச்சிருமுங்ணா."

சென்னியப்பனும் சிரித்தார். பிறகு முகம் வாடிவிட்டது.

"டீச்சர், எங்க தெருவுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. நாப்பது வருசமாப் பாக்கறனுங்க. இன்னும் என்னத்தப் பாக்கறது?"

வெண்ணிலா பேச்சை மாற்றினாள்.

"கடை எப்படிப் போகுதுங்ணா?"

"ஏசி போடறனுங்க. புதன்கிழமை கண்ணாடி மாட்ட ஆள் வருது. வாசப்படியோட சேத்து அடைச்சுப்போடலாம்னு இருக்கேன். அதுல ஒரு மனஸ்தாபமுங்க."

"யார்கூட?"

"ஊட்டுக்காரிகூடத்தான். பாவாத்தா தெனமும் கடைக்கு வந்து படியில சும்மா உக்காந்திருப்பா. முழங்கால் வலி வேற. அங்க உனக்கென்ன வேலை, இனி ஊட்டுலயே இருன்னு சொல்லிப்போட்டேன். மூணு நாளாப் பேச்சே இல்லீங்க."

அவர் பையில் எப்போதும் ஒரு ஆல்பம் இருக்கும். வெண்ணிலா அதைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். பக்கம் பக்கமாக முகங்கள். தலை படிய வாரியிருந்தது. காலர் கோணாமல் இருந்தது.

"எங்கூரு சனம் அப்படீங்க" என்றார் சென்னியப்பன் பெருமையாக. "சீப்பை எடுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. உள்ள இருந்து 'அடுத்த ஆளு'ன்னு கூப்புடுவேன். சீவிச் சிங்காரிச்சு வந்து நிப்பாங்க."

ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. ரெட்டைச்சடை போட்ட சின்னப் பெண்.

"இது நான்தானுங்ணா."

"அட! அப்பவே எவ்வளவு நேர்த்தியா வந்திருக்கீங்க!"

அவள் ஆல்பத்தை மூடினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு உங்க கடைக்கு எதுத்தாப்பல இருக்கற டீக்கடைக்கு வாங்க. உங்க கடைப் பின்வாசல் வழியா வெளிய வரணும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

மறுநாள் அப்படியே வந்தார். வெண்ணிலா டீக்கடையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். எதிரே அவர் கடைப் படியில் பாவாத்தாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வரும்வரை வருவேன் என்ற பிடிவாதம். தோளில் ஒரு துண்டு.

லைசென்ஸுக்குப் படம் எடுக்க ஒரு லாரி டிரைவர் வந்தார். முகம் முழுக்கப் புழுதி. பாவாத்தாள் கதவு நிலையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். துண்டை நனைத்துக் கொடுத்தாள். அவர் துடைத்ததும், பின்னால் போய்க் காலரை மடித்துவிட்டாள். சுருக்குப்பையிலிருந்து சீப்பு வந்தது.

அடுத்து ஒரு தாய், அழுகிற மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பாவாத்தாள் குழந்தையை ஸ்டூலில் உட்காரவைத்து ஏதோ சொன்னாள். குழந்தை கண்ணீரோடு சிரித்தது. அவள் அதன் தலையை அவிழ்த்துப் புதிதாகப் பின்னினாள். கடைசியில் இரண்டு காதுக்குப் பின்னாலும் முடியை ஒதுக்கிவிட்டாள். ஸ்டூல் குழந்தைக்குப் போய்விட்டதால் முழங்காலைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் கையில் டீ ஆறிப்போனது.

"எத்தன நாளா இப்படிப் பண்ணறா?"

"எட்டு வயசுல நான் ஊட்டுல இருந்து தலைவிரிகோலமாத்தானுங்ணா வந்தேன். அந்தப் படியிலதான் எனக்குச் சடை போட்டுவிட்டாங்க."

ஊர் கொடுத்தவை என்று அவர் நினைத்திருந்த நேர்த்தியான முகங்களெல்லாம் பாவாத்தாள் கொடுத்தவை. போனை எடுத்தார். ரெடி சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டார். ஒரே ஒரு படம் எடுத்தார்.

பிறகு தெருவைக் கடந்து நேராகப் படிக்கு வந்தார்.

"ஏனுங்க, நீங்க உள்ள இல்லையா?" என்றாள் பாவாத்தாள். நாலு நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு. "இங்க ரெண்டு பேரு காத்துட்டிருக்காங்க."

"கண்ணாடி வேண்டாம், பாவாத்தா. உனக்கு முதுகு சாயற மாதிரி ஒரு சேர் வாங்கிப் போடறேன். நாளைக்கும் வா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒண்ணுமில்ல புள்ள. நம்ம கடை இத்தன வருசம் ஓடுனது உன்னாலதான். அதை நான் பாக்கவே இல்லை."

பாவாத்தாள் துண்டால் தன் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, டிரைவரை உள்ளே போகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். ஸ்டூலில் குழந்தை. கீழே படியில் பாவாத்தாள், கடை வாசல் பக்கம் பாதி திரும்பியபடி.

வெண்ணிலா வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரே ஒரு குறை இருக்குதுங்க டீச்சர்" என்றார் சென்னியப்பன். "ஒரு காதுதான் தெரியுது."

"இன்னொரு காது, நீங்க உள்ள இருந்து 'அடுத்த ஆளு'ன்னு எப்பக் கூப்புடுவீங்கன்னு கேட்டுட்டு இருக்குதுங்ணா."