யாரை நம்பி

கல்லூரி மூடப்பட்டபின் கணிதப் பேராசிரியர் அருளப்பன் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். திருச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். கற்றுக்கொடுத்தவர் மெஹருன்னிசா. அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அருளப்பனுக்கு அதில் கூச்சம் இல்லை. ஆனால் எதையும் எதிர்த்துக் கேட்காமல் ஒப்புக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை.

அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது வெள்ள எச்சரிக்கை மென்பொருள். ஆற்றில் நீர் ஏறினால் கரையோர ஊர்களில் சங்கு ஒலிக்கும். அதில் சில பகுதிகள் வெளியார் எழுதிப் பொதுவில் வைத்தவை. அவற்றின் பெயரும் பதிப்பு எண்ணும் எக்ஸ்எம்எல் என்ற கணினி வடிவில் எழுதிய ஒரு கோப்பில் வரிவரியாக இருந்தன. மென்பொருளை நிறுவுகிறபோது கணினி அதைப் படித்துத்தான் அவற்றை இணையத்திலிருந்து கொண்டுவரும்.

மென்பொருளை வாங்க வருகிறவர்கள் முழுக்கச் சொந்தத் தயாரிப்பு கேட்கிறார்கள், அந்தப் பெயர்களை எடுத்துவிடுங்கள் என்றார் முதலாளி கோதண்டராமன். மெஹருன்னிசா மறுத்தார். அருளப்பனுக்கோ முதலாளி சொன்னது சரியென்று பட்டது.

"ராப்பகலா உழைச்சது நாம. அடுத்தவங்க பேரை எதுக்கு முன்னாடி வைக்கணும், மேடம்?"

"எடுத்துப் பாருங்க சார்."

எடுத்தார். அவர் கணினியில் எல்லாம் ஓடியது. சங்கும் ஒலித்தது. வெற்றியோடு திரும்பிப் பார்த்தார்.

மெஹருன்னிசா ஆற்றங்கரைக் காவல் அறைக்காக வாங்கியிருந்த புதுக் கணினியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதில் நிறுவச் சொன்னார். பாதியில் நின்றுபோனது. அருளப்பனின் கணினியில் அந்தப் பகுதிகளின் பழைய பிரதிகள் ஏற்கெனவே கிடந்தன. இதில் ஒன்றும் இல்லை.

அருளப்பன் விடவில்லை. அந்தப் பகுதிகளை அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றி, நம்முடையதாக உள்ளே வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார்.

"அதுல ஒரு ஓட்டை இருக்குன்னு எழுதினவங்க நாளைக்கு அறிவிச்சா? நம்மகிட்டயும் அது இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க இல்லாத அன்னிக்கு?"

அருளப்பன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். பிறகு வந்து, எடுத்த வரிகளை அவரே திரும்பச் சேர்த்தார். முகம் மட்டும் தெளியவில்லை.

மறுநாள் மென்பொருளை வாங்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் உங்கள் கையால் செய்ததுதானே என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றார் கோதண்டராமன்.

"இல்லை" என்றார் மெஹருன்னிசா.

அந்தக் கோப்பைத் திரையில் காட்டி ஒவ்வொரு பெயராக வாசித்தார். எது எதற்கு என்று சொன்னார். முதலாளி பேச்சை மாற்றப் பார்த்தார். மெஹருன்னிசா நிறுத்தவில்லை. கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்கள்.

நாளை முதல் வரவேண்டாம் என்று மெஹருன்னிசாவிடம் சொல்லப்பட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அருளப்பன் படிக்கட்டில் ஓடிவந்து வழிமறித்தார்.

"நகலெடுத்து வெச்சுட்டு அந்த வரியெல்லாம் அழிக்கணுமாம். முதலாளி என்னைச் செய்யச் சொல்றார். சில வரிக்காக உங்க வேலையே போச்சே மேடம். இவ்வளவு பிடிவாதம் எதுக்கு?"

மெஹருன்னிசா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"ஆத்தோரம் இருக்கிறவங்க நம்மளை நம்பித் தூங்கப்போறாங்க சார். நாம யாரை நம்பியிருக்கோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் போய்விட்டார். அருளப்பன் மேலே ஏறிவந்து தன் இருக்கையில் உட்கார்ந்தார். அந்தக் கோப்பு திரையில் திறந்திருந்தது. கோதண்டராமன் பின்னால் வந்து நின்று, அழித்தாயிற்றா என்று கேட்டார். மறுபடியும் கேட்டார்.

அருளப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். திரையில் எல்லா வரிகளும் அப்படியே இருந்தன.