திமிங்கலத்துக்கு ஏது இடுப்பெலும்பு?

ஒரு ஊர்ல ஒரு ரெஜினாள் இருந்தா. கடற்கரை ஊரு. அண்ணனோட கறிக்கடையில பதினஞ்சு வருஷம் ஆட்டுக்கறி வெட்டினவ. எந்த எலும்பு எங்க இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவா. அதனாலதான் மியூசியத்துல எலும்பு சுத்தம் பண்ற வேலைக்கு அவளக் கூப்பிட்டாங்க. ம் கொட்டு. ம் கொட்டாத பிள்ளைக்கு நான் கதை சொல்றதில்ல.

ஒரு நாள் திமிங்கலம் ஒண்ணு செத்துக் கரை ஒதுங்குச்சு. அடேயப்பா, பஸ் நீளம்! மியூசியக்காரங்க சதைய முடிஞ்ச வரைக்கும் அறுத்துட்டு மணல்ல புதைச்சு வைப்பாங்க. ரெண்டு வருஷத்துல மிச்சத்த மண்ணு தின்னுடும், எலும்பு மட்டும் நிக்கும். சதை அறுக்கும்போது அடிச்ச நாத்தத்துல மத்தவங்கெல்லாம் ஓட்டம். இவ மட்டும் சரக் சரக்னு அறுத்துக்கிட்டே இருந்தா. வாலுக்குக் கொஞ்சம் முன்னாடி, வயித்துப் பக்கம், கத்தி டக்குனு இடிச்சுது. பார்த்தா முழங்கை நீளத்துல ஒரு எலும்பு! முதுகெலும்போட ஒட்டாம சதைக்குள்ள சும்மா கிடக்கு. அந்தப் பக்கமும் ஒண்ணு. தொலைஞ்சிடக் கூடாதேன்னு ரெண்டையும் வலைத்துண்டுல முடிஞ்சு, கூடவே புதைச்சா. அதுதான் அவ பண்ணின தப்பு.

அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுத் தோண்டினாங்க. எலும்புகளைக் கோத்து நிறுத்துற மேஸ்திரி பொன்னுதுரை அந்த முடிச்ச அவுத்தாரு.

"இது என்னம்மா?"

"இடுப்பெலும்புங்க."

"காலே இல்லாத மீனுக்கு இடுப்பா? ஆட்டெலும்ப உள்ள போட்டு ஏமாத்துறியா? நாளையிலேர்ந்து வராத!"

வாய்க்கு வந்தபடி பேசுற மனுஷன். திமிங்கலம் மீனே இல்ல, குட்டி போட்டுப் பால் குடுக்குற ஜாதி. அதுவும் தெரியல அவருக்கு. வேலை போனது கூடப் பரவாயில்ல, பொய்க்காரின்னு ஊரே பேசுச்சே, அதைத்தான் ரெஜினாளால தாங்க முடியல.

மறுநாளே ஆட்டு இடுப்பெலும்பக் கொண்டு போய்ப் பக்கத்துல வச்சுக் காட்டினா. பொருந்தல. "அப்போ மாடு"ன்னாரு. மாட்டெலும்பத் தேடிப் பிடிச்சு வச்சா. அதுவும் பொருந்தல. "வேற ஏதாவது மிருகம்"னாரு. இதுக்கு என்னத்தச் சொல்ல? ம்.

அவ விடல. திமிங்கலத்துக்கு இடுப்பெலும்பு எப்படி வந்துச்சுன்னு காலேஜ் வாத்தியார் ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்தா. அப்போ ஆடிக் காத்துல ஊஊன்னு கடல் பொங்கி, இன்னொரு திமிங்கலம் ஒதுங்குச்சு. ஊரே கூடிடுச்சு. ரெஜினாள் நேரா போய் அதோட வயித்துல விரல வச்சா.

"இங்க ஒண்ணு இருக்கும். அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும். நீங்களே அறுங்க ஐயா. நான் வச்சேன்னு அப்புறம் சொல்லிடக் கூடாது."

பொன்னுதுரை அறுத்தாரு. சரக்... சரக்... ஒண்ணையும் காணோம். யாரோ கெக்கெக்கேன்னு சிரிச்சான். ரெஜினாள் மாதாவே மாதாவேன்னு முணுமுணுக்குறா. இன்னும் கொஞ்சம் ஆழமா... சரக்... டக்!

தோள் வரைக்கும் கைய விட்டு இழுத்தாரு. அச்சு அசலா அதே எலும்பு!

"எப்படிம்மா பாக்காமலே சொன்ன?"

"இதோட வம்சம் முந்தி முந்தி நாலு கால்ல தரையில நடந்துச்சுங்க. அந்தப் பழசுங்களோட எலும்பு பாறைக்குள்ள கல்லா கிடைச்சிருக்காம். கடலோரம் இரை தேடித் தண்ணியிலயே பொழைக்க ஆரம்பிச்சப்போ, பின்னங்கால் சின்னதா பொறந்ததுங்க சுளுவா நீந்துச்சு, நிறைய குட்டி போட்டுச்சு. அதுங்க வம்சத்துல இன்னும் சின்னதாச்சு. லட்சக்கணக்கான தலைமுறைங்க! கால் போயிடுச்சு, இடுப்பு மட்டும் துளியூண்டு மிச்சம். துடுப்ப அறுத்துப் பாருங்க, நம்மள மாதிரி விரலெலும்பு இருக்கும்."

அவர் அறுத்துப் பார்த்தாரு. இருந்துச்சு. ரொம்ப நேரம் அந்த விரலெலும்பையும் தன் கையையும் மாறி மாறி பார்த்துக்கிட்டே நின்னாரு.

அப்புறம் ஊருக்கு முன்னாடி சொன்னாரு, "இந்தம்மா சொன்னது நிஜம். நான்தான் தெரியாம பழி போட்டேன்." ரெஜினாள் ஓன்னு அழுதுட்டா.

இன்னொரு பக்கத்து எலும்பு உள்ளயேதான் இருந்துச்சு. அவர் குனியல. கத்தியக் கழுவி அவ கையில குடுத்தாரு.

"அத நீயே எடும்மா. நான் பாக்க வேண்டியதில்ல."

ம் சத்தமே காணோமே? சரி சரி, கதை கரை ஏறிடுச்சு, நீ தூங்கு.