சவாசனத்தில் பதினைந்து நிமிடம்

“சிஸ்டர், நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா ஜோதிமுத்து பிழைச்சிருப்பாரா?”

சீனியம்மாள் பாய்களை டெட்டால் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தவர். ஓய்வுபெற்றுப் பதினாறு வருடமாகியும் ஊருக்கு அவர் சிஸ்டர்தான்.

கேட்டவர் தவசிலிங்கம். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியே தலை நரைத்தவர்.

பூங்காவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கூடம் அது. ஓய்வுபெற்றவர்கள் தங்களுக்குத் தாங்களே நடத்திக்கொள்ளும் மன்றம். திங்களும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு யோகா. புதன் சாயங்காலம் செல்போன் பழகுவது. சனிக்கிழமை பாட்டு. வெளியிலிருந்து வாத்தியார் யாரும் வருவதில்லை. ஒரு வருடம் கற்றுக்கொண்டவர், அடுத்த வருடம் ஒரு மாதமாவது முன்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். விதி என்று இருந்தது அது ஒன்றுதான்.

யோகாவை எல்லோருக்கும் சொல்லித்தந்தவர் சிஸ்டர். இந்த மாதம் தவசிலிங்கத்தின் முறை.

வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம் சவாசனம். மல்லாந்து படுத்து, கைகால்களைத் தளர்த்தி, கண்ணை மூடி, பிணம் போல அசையாமல் கிடக்க வேண்டும்.

ஜோதிமுத்துவுக்கு மட்டும் அது வராது. ஓவிய ஆசிரியராக இருந்தவர். படுத்த இரண்டாவது நிமிடம் குறட்டை கிளம்பிவிடும். பக்கத்துப் பாய்க்காரர்களுக்குச் சிரிப்பை அடக்கி வயிறு குலுங்கும்.

“வாத்தியாரே, இது சவாசனமா, ரைஸ்மில்லா?”

“பிணத்துக்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்கய்யா,” என்பார் ஜோதிமுத்து.

போன திங்கட்கிழமையும் குறட்டை கிளம்பியது. பிறகு நின்றது.

தவசிலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம்தான் அவருக்கு. குறட்டை நின்றதும் நிம்மதியாக இருந்தது.

“எல்லாரும் அப்படியே இருங்க,” என்றார். “இன்னைக்குத்தான் ஜோதிமுத்து சார் சரியாப் படுத்திருக்கார். சவாசனம்னா இதுதான்.”

கண்ணைத் திறக்காமலே யாரோ சிரித்தார்கள்.

நேரம் முடிந்தது. பதினாறு பேர் எழுந்தார்கள்.

சிஸ்டர்தான் ஓடிப்போய் நெஞ்சை அமுக்கினார். உதடு நீலமாகியிருந்தது. ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள். வழியில் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

வழியில் போகவில்லை என்பது தவசிலிங்கத்துக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து இன்றோடு நான்கு நாள். வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

“நீங்க என்ன சார் பண்ணியிருக்க முடியும்?”

“கர்த்தர் தூக்கத்திலேயே கூப்பிட்டுக்கிட்டார்.”

செல்போன் வகுப்பு எடுக்கிறவர் தோளில் தட்டினார். “கொடுத்துவச்ச சாவு. ஒரு நாளைக்கு எனக்கும் அதே மாதிரி சவாசனம் சொல்லிக் குடுங்க தவசி சார்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தவசிலிங்கமும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார்.

நேற்று ஜோதிமுத்துவின் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தார்.

“அவுக கஷ்டப்படலையே அண்ணே?”

“இல்லம்மா.”

“அன்னைக்கு ரொம்ப நல்லாப் படுத்திருந்தாகன்னு நீங்க பாராட்டினீங்களாமே. சொன்னாங்க. எனக்கு அதுதான் ஆறுதலா இருக்கு.”

தவசிலிங்கத்தால் காபியைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அதனால்தான் இன்று சிஸ்டரிடம் வந்திருந்தார். சாவைப் பார்த்துப் பழகியவர். அவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அது நிஜமாகவே இல்லைதான்.

“சொல்லுங்க சிஸ்டர். பிழைச்சிருப்பாரா?”

சிஸ்டர் ஈரத்துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டார். காய்ந்த பாய் ஒன்றை விரித்தார். அதில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சொல்லுங்க,” என்றார்.

“என்னத்தச் சொல்ல?”

“சவாசனம். எப்பவும் சொல்ற மாதிரி.”

“நான் எதுக்கு வந்திருக்கேன், நீங்க...”

“சொல்லுங்க சார்.”

தவசிலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“கால் விரல்களைத் தளர்த்துங்கள். கணுக்கால். முழங்கால். தொடை. இடுப்பைத் தளர்த்துங்கள்.”

சொல்லச் சொல்லக் குரல் தானாகவே வகுப்புக் குரலானது. நான்கு நாளில் முதல் தடவையாக மனம் கொஞ்சம் அடங்கியது. வயிறு என்றார். நெஞ்சு என்றார். தோள் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்து, தாடை, கன்னம். நெற்றி வந்தபோது இன்னொரு தடவை பார்த்தார்.

சிஸ்டர் பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. இரைத்தது.

“நீங்க இடுப்புன்னு சொன்னப்ப மூச்சை நிறுத்தினேன்,” என்றார்.

தவசிலிங்கம் அவரையே பார்த்தார்.

“கூடத்தில நாம ரெண்டே பேருதான் இருக்கோம். அப்பவும் நீங்க கவனிக்கலை,” என்றார் சிஸ்டர்.

வெளியே பூங்காவில் யாரோ சருகு கூட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“அப்ப, பார்த்திருந்தா பிழைச்சிருப்பாரா?”

“பிழைச்சிருக்கலாம்.”

நான்கு நாளாக ஊரில் ஒருவர்கூடச் சொல்லாத வார்த்தை. தவசிலிங்கம் கடிகாரம் கட்டிய கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“எல்லாரும் இல்லைன்னாங்க சிஸ்டர்.”

“அவங்களுக்கு உங்க மேல பிரியம்.”

“உங்களுக்கு?”

“நான் ரெண்டு பாய் தள்ளிப் படுத்திருந்தேன். குறட்டை நின்னது எனக்கும் கேட்டுது.” சிஸ்டர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “வார்டில ஒரு இருமல் நின்னாக்கூட எந்திரிச்சுப் போய்ப் பார்த்தவ நான். அன்னைக்கு அப்பாடான்னு படுத்துக் கிடந்தேன்.”

தவசிலிங்கம் சட்டைப்பையிலிருந்து கூடத்தின் சாவியை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தார்.

“இனிமே நான் முன்னால உக்கார மாட்டேன். வேற ஆளை வச்சுக்குங்க.”

“யாரை?”

“குத்தம் செய்யாத ஆளை.”

“அவரை விட்டாப் பதினேழு பேர் இருந்தோம். யாருன்னு நீங்களே ஒரு பேரைச் சொல்லிட்டுப் போங்க.”

தவசிலிங்கம் முழங்காலில் கையூன்றி எழுந்தார். வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினார்.

“எனக்கும் ரெண்டு தடவை நெஞ்சுவலி வந்துட்டுது,” என்றது பின்னாலிருந்து குரல். “வீட்டில யாருக்கும் தெரியாது.”

திரும்பிப் பார்த்தார்.

சிஸ்டர் மறுபடியும் படுத்திருந்தார். கைகள் இரண்டும் பக்கத்தில் விரிந்து கிடந்தன. கண் மூடியிருந்தது.

“சிஸ்டர்.”

பதில் இல்லை.

“விளையாடாதீங்க சிஸ்டர்.”

அவ்வளவு தூரத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. புடவை மூச்சில் அசைகிறதா, காற்றில் அசைகிறதா என்று தெரியவில்லை.

தவசிலிங்கம் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடிவந்தார். அவர் தலைமாட்டில் மண்டியிட்டுக் குனிந்தார்.

வயிறு எழுந்தது.

தாழ்ந்தது.

அவர் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்.